யாருக்கு இந்த மருந்து?

கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, மருந்து இருந்தால் கொடுங்கள் என்கிறார்கள். வீட்டுக்குள் மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நோயில் படுத்திருக்கிறார். கையிருப்பில் இருக்கும் மருந்து ஒன்றே ஒன்று. கொடுத்தால் பிள்ளைகளின் அம்மா பிழைக்கக்கூடும். கொடுக்காவிட்டால் உள்ளே படுத்திருப்பவர் பிழைக்கக்கூடும். இரண்டு பேரையும் காப்பாற்றுவதற்கு ஒரு வழியும் திரையில் இல்லை.

'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற வீடியோ கேமில் வரும் கட்டம் இது. போலந்தின் தலைநகரான வார்சாவில் இயங்கும் 11 பிட் ஸ்டுடியோஸ் நிறுவனம் 2014 நவம்பரில் இதை வெளியிட்டது. போரை வைத்து வந்த கேம்களில் பெரும்பாலானவற்றில் நாம் சிப்பாய். துப்பாக்கி நம் கையில், எதிரி எதிரே. இதில் நாம் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட குடிமக்கள். இடிந்துபோன ஒரு வீடு, ஒழுகும் கூரை, காலியான அலமாரி. போர் முடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

விளையாடுகிறவர்கள் இந்த வகையை 'சர்வைவல் கேம்' என்கிறார்கள். பசி, தூக்கம், குளிர், காயம் எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. அநேகமான சர்வைவல் கேம்களில் நம் உயிரை நாம் பார்த்துக்கொண்டால் போதும்: மரம் வெட்டி, தீ மூட்டி, மிருகத்திடமிருந்து தப்பினால் ஆயிற்று. சில கேம்கள் மட்டும் நம் பக்கத்தில் ஒரு குழந்தையை, ஒரு கிழவியை, நடக்க முடியாத ஒரு நோயாளியைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அந்த நிமிடத்திலிருந்து அது சாமர்த்தியத்தின் ஆட்டமாக மட்டும் இருப்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலவீனரைக் காப்பாற்றினால் கூலி கொடுக்கும் கேம், அறத்தைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. காப்பாற்றுவதற்கு விலை கேட்கும் கேம் சொல்கிறது. அந்த விலையை உண்மையில் கொடுப்பது யார் என்றும் காட்டிவிட்டால், அந்தக் கேமை நல்ல இலக்கியத்தின் பக்கத்தில் வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

1,425 நாள்

'திஸ் வார் ஆஃப் மைன்' கதை நடக்கும் போகோரென் கற்பனை நகரம். அதன் பின்னால் இருக்கும் சரயேவோ கற்பனை இல்லை. பாஸ்னியாவின் தலைநகரான சரயேவோ 1992 ஏப்ரல் 5 முதல் 1996 பிப்ரவரி 29 வரை முற்றுகையில் கிடந்தது. மொத்தம் 1,425 நாள். சுற்றியிருந்த மலைகளில் பீரங்கிகள். மாடிக் கட்டடங்களில் ஸ்னைப்பர்கள். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனவர்கள் தெருவிலேயே விழுந்தார்கள். 1994 பிப்ரவரி 5 அன்று மார்க்கலே சந்தையில் விழுந்த ஒரே குண்டில் 68 பேர் செத்தார்கள். மின்சாரமும் எரிவாயுவும் நின்றுபோன குளிர்காலங்களில் மேசை, நாற்காலி, பழைய செருப்பு, புத்தகம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எரித்துக் குளிர் காய்ந்தார்கள். முற்றுகை தொடங்கி 20 வருடம் ஆனபோது, 2012-ல், நகரத்தின் பிரதான வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்தார்கள். செத்தவர் ஒருவருக்கு ஒரு நாற்காலி. அவற்றில் 643 சின்ன நாற்காலிகள், குழந்தைகளுக்கு.

வார்சாக்காரர்களுக்கும் இது கேள்விப்பட்ட கதை மட்டும் இல்லை. 1944-ல் நாஜிகளுக்கு எதிராக அந்த நகரம் எழுந்து 63 நாள் போராடியது, பிறகு தரைமட்டமாக்கப்பட்டது. சாப்பாடும் மருந்தும் தீர்ந்த நகரத்தில் ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த ஊரில் செய்யப்பட்ட கேம் இது.

ஆட்டத்தில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, சுட்டுவிடுவார்கள். அடுப்பு கட்டுவது, மழைத்தண்ணீர் பிடித்து வடிகட்டுவது, உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடிப்பது எல்லாம் பகல் வேலை. இரவில் ஒருவர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய் எதையாவது தேடி எடுத்து வர வேண்டும். நாம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களில் பாவ்லே நன்றாக ஓடுவான். புரூனோ சமையல்காரர். காத்யாவுக்குப் பேரம் பேச வரும். இவர்களுக்கு வேறு எந்த மகிமையும் கிடையாது.

இரவில் போகக்கூடிய இடங்களில் ஒன்று, வயதான தம்பதி இருவர் தனியாக இருக்கும் ஒரு வீடு. அவர்களிடம் ஆயுதம் இல்லை. குளிர்பெட்டியில் சாப்பாடு இருக்கிறது, அலமாரியில் மருந்து இருக்கிறது. எடுத்தால் கிழவர் பின்னாலேயே வந்து கெஞ்சுவார், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பார். அடிக்க மாட்டார், அவரால் முடியாது. நம் வீட்டில் இரண்டு நாளாகச் சாப்பிடாத ஆள் காத்திருக்கிறார். இந்தக் கேமை ஆடியவர்கள் சந்தித்தால் அநேகமாக முதலில் பேசிக்கொள்வது இந்த வீட்டைப் பற்றித்தான். நீ எடுத்தாயா, விட்டாயா?

எடுத்துக்கொண்டு வந்தால் 'நீ கெட்டவன்' என்று கேம் சொல்லாது. புள்ளி குறையாது. நல்லவன், கெட்டவன் என்று அளக்கும் கோடு எதுவும் திரையில் இல்லை. மறுநாள் காலையில் திருடி வந்தவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவர் பெயருக்குக் கீழே 'சோகம்' என்று எழுதியிருக்கும். இப்படியே போனால் அது 'மனச்சோர்வு' ஆகும், பிறகு 'உடைந்துபோனவர்' ஆகும். உடைந்தவர் நாம் சொல்வதைக் கேட்க மாட்டார். வீட்டை விட்டுப் போய்விடலாம், உயிரையே மாய்த்துக்கொள்ளலாம். நாம் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களும் நிம்மதியாக இருப்பதில்லை.

சிபியின் தராசு

புறாவைக் காப்பாற்றிய சிபிச் சக்கரவர்த்தியின் கதை நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்தது. அதில் நாம் சீக்கிரம் தாண்டிப்போகிற பாத்திரம் ஒன்று உண்டு: பருந்து. பருந்துக்கும் பசி. புறாவைக் காப்பாற்றினால் பருந்து பட்டினி. அதன் வழக்கில் நியாயம் இருப்பதால்தான் சிபி தராசைக் கொண்டுவரச் சொல்லித் தன் தொடையை அறுக்கிறான். இந்த வகைக் கேம்களும் அதே தராசைத்தான் எடுத்து வைக்கின்றன. ஒரு பெரிய வித்தியாசம்: சிபி அறுத்தது தன் சதையை. மருந்தைத் தூக்கிக் கொடுக்கும் விளையாட்டுக்காரர் தன் சதையை அறுப்பதில்லை. சூடான அறையில், காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காத்யாவின் பங்கை எடுத்துக் கொடுக்கிறார். காத்யாவிடம் அவர் கேட்கவில்லை.

இதைக் கேமின் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் கேமின் உண்மை. குடும்பத் தலைவர்கள், அதிகாரிகள், அரசாங்கங்கள் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. கருணையும் அவர்களுடையது, கண்டிப்பும் அவர்களுடையது. பட்டினி மட்டும் வேறு யாருடையதோ. வேறொருவர் வயிற்றிலிருந்து எடுத்துத் தர்மம் செய்கிறோம் என்பது கண்ணில் படும்படி ஒரு கலைப்படைப்பு நம்மை உட்காரவைத்தால், அது சின்ன விஷயம் இல்லை.

கணக்குப் புலிகள் இதற்கும் கணக்கு போடுவார்கள். கிழவர் வீட்டில் திருடினால் இத்தனை நாள் சோகம், இத்தனை நாள் சாப்பாடு, லாபம் இவ்வளவு என்று. எந்தக் கேமையும் கடைசியில் கூட்டல் கழித்தலாகச் சுருக்கிவிட முடியும்; உள்ளே இருப்பது எண்கள்தானே. இங்கே அந்தக் கணக்கைத் தடுப்பது ஒரே ஒரு விஷயம்: போர் எந்த நாளில் நிற்கும் என்று விளையாடுபவருக்குத் தெரியாது. 20 நாளா, 40 நாளா? நாளைக்கே நிற்கப்போகிறது என்றால் கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். இன்னும் ஒரு மாதம் என்றால் கதவைத் திறக்கவே யோசிக்க வேண்டும். சரயேவோவில் யாருக்கும் 1,425 என்ற எண் முன்கூட்டித் தெரியாது. ஒருமுறை ஆடி முடித்து ஆட்டத்தின் நெளிவுசுளிவு தெரிந்தபின் இரண்டாம் முறை ஆடுகிறவருக்கு அது வெறும் திறமைப் பயிற்சி ஆகிவிடும். அதனால் இந்த வகைக் கேமை முதல்முறை ஆடும்போது நாம் என்ன செய்தோம் என்பது மட்டுமே கணக்கில் வரும்.

நல்லது செய்தால் கரடிப் பொம்மை

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பெயர்போன உதாரணம் இருக்கிறது. 2007-ல் வந்த 'பயோஷாக்'. கடலுக்கடியில் கட்டப்பட்டு அழுகிக்கொண்டிருக்கும் ராப்சர் என்ற நகரம். அங்கே 'லிட்டில் சிஸ்டர்' என்று அழைக்கப்படும் சிறுமிகள் அலைகிறார்கள். ஆடம் என்ற பொருள் அவர்கள் உடம்பில் இருக்கிறது; அது இருந்தால் நமக்குச் சக்தி கூடும். சிறுமியைக் கொன்று எடுத்தால் 160 ஆடம். குணப்படுத்தி விட்டுவிட்டால் 80 மட்டும். கேட்கும்போது கனமான கேள்வியாகத்தான் இருக்கிறது. வெளிவந்தபோது இதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை.

ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றியதும் ஒரு கரடிப் பொம்மை பரிசாக வருகிறது, அதற்குள் 200 ஆடம்! ஆட்டத்தில் வரும் 21 சிறுமிகளையும் கொன்றால் 3,360. அத்தனை பேரையும் காப்பாற்றினால் 3,080. வித்தியாசம் வெறும் 280. பரிசுப் பொம்மைகளில் வரும் மற்ற சாமான்களைச் சேர்த்துப் பார்த்தால் நல்லவனாக இருப்பதில் நஷ்டமே இல்லை. ஆடுகிறவருக்கு இது சீக்கிரம் புரிந்துவிடும். அதற்குப்பின் அந்தச் சிறுமி ஒரு குழந்தை இல்லை, வட்டியோடு திரும்பி வரும் வைப்புத்தொகை. இவ்வளவு அழகாகக் கட்டப்பட்ட ஒரு உலகத்தில், அதன் மையமான கேள்வியைத் தயாரிப்பாளர்களே மழுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் தீராத வருத்தம்.

கூலி கொடுக்காவிட்டால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் பயந்திருந்தால், அந்தப் பயம் தேவையே இல்லை. கூலி இல்லாவிட்டாலும் பெரும்பாலானவர்கள் நல்லதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்ட்ரூ வீவர், நிக்கி லூயிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-ல் 75 பேரை 'ஃபால்அவுட் 3' ஆடவைத்துப் பார்த்தார்கள். நேரில் ஒரு மனிதரிடம் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படித்தான் பெரும்பாலோர் கேமிலும் நடந்துகொண்டார்கள். கெடுதல் செய்தவர்களுக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனாலும் ஆட்டத்தின் சுவை அவர்களுக்குக் குறைந்துவிடவில்லை. 'மாஸ் எஃபெக்ட்' கேம் வரிசையில் வேலை பார்த்த ஜான் எபெஞ்சர், அதை ஆடியவர்களில் ஏறத்தாழ 92 சதவீதம் பேர் நல்லவர் பாதையையே எடுத்தார்கள் என்று 2020-ல் சொன்னார். வில்லத்தனத்துக்காக உழைத்து எழுதிய காட்சிகளை அதிகம் பேர் பார்க்கவில்லை என்பது அவருடைய ஆதங்கம்!

கூலி இல்லாத சோதனையை 1985-லேயே ரிச்சர்ட் கேரியட் செய்து காட்டியிருக்கிறார். அவருடைய 'அல்டிமா 4' கேமில் மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. காசை நீங்களே எண்ணி வைத்துவிட்டுப் போங்கள் என்பாள். ஒரே ஒரு காசை வைத்துவிட்டுப் பை நிறைய அள்ளிக்கொண்டு போகலாம். அவள் கூச்சல் போட மாட்டாள். அந்தத் திருட்டு நம் நேர்மையில் எவ்வளவு குறைத்தது என்பதைக் கேம் வெளியே சொல்லாமல் குறித்து வைத்துக்கொள்ளும். படங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்த அந்தக் காலத்தில், நான்கைந்து வரி எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இதைச் செய்தார்.

க்ளெமென்டைன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்

குழந்தையைக் காப்பாற்றும் கேம் என்றால் 'தி வாக்கிங் டெட்' நினைவுக்கு வராமல் போகாது. டெல்டேல் நிறுவனம் 2012-ல் ஐந்து பாகங்களாக வெளியிட்டது. செத்தவர்கள் எழுந்து நடக்கும் உலகம். சிறைக்குக் கொண்டுபோகப்படும் வழியில் விபத்தில் தப்பிய லீ எவரெட் என்பவன், மரத்தின்மேல் கட்டிய விளையாட்டு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் எட்டு வயதுச் சிறுமியைக் கண்டெடுக்கிறான். அவள்தான் க்ளெமென்டைன். அவளைப் பெற்றோரிடம் சேர்க்க வேண்டும்.

முதல் பாகத்திலேயே ஒரு பண்ணையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவன் டக் என்ற சிறுவன். இன்னொருவன் ஷான் என்ற இளைஞன். யாரிடம் ஓடுகிறாய்? யாரிடம் ஓடினாலும் சிறுவன் பிழைக்கிறான், இளைஞன் சாகிறான். இதைக் கண்டுபிடித்த பலர் 'ஏமாற்று வேலை, நம் முடிவுக்கு மதிப்பே இல்லை' என்று கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடு இல்லை. நம் கையால் காப்பாற்ற முடியாதவர்கள் உண்டு. யாரை நோக்கி ஓடினோம் என்பது அப்போதும் நம் மேல் நிற்கும். சிறுவனின் அப்பா கென்னி அதைக் கடைசிவரை மறப்பதில்லை.

இரண்டாம் பாகத்தில் ஒரு மோட்டலில் பத்துப் பேர் பட்டினியாக இருக்கிறார்கள். பங்கிடச் சொல்லி நம் கையில் வைக்கப்படுவது நான்கே நான்கு: பாதி ஆப்பிள், சீஸ் தடவிய பிஸ்கட் இரண்டு பொட்டலம், உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று. குழந்தைகளுக்குக் கொடுத்தால் காவல் நிற்பவர் தள்ளாடுவார். காவல்காரருக்குக் கொடுத்தால் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். நமக்கென்று எடுத்துக்கொள்ளலாம், எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று சதவீதம் காட்டப்படும். தனியாக உட்கார்ந்து எடுத்த முடிவைத் திடீரென்று ஊர்ச்சபை நடுவில் கொண்டுபோய் வைத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பாகத்தின் முடிவில் காட்டுவழியில் ஒரு கார் கதவு திறந்து நிற்கிறது. பின்னால் சாப்பாட்டுப் பெட்டிகள். ஆள் இல்லை. பசித்த கூட்டம் அதை எடுத்துக்கொள்கிறது. நாம் வேண்டாம் என்று சொல்லலாம். மற்றவர்கள் எடுப்பதைத் தடுக்க முடியாது. க்ளெமென்டைன் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இது வேறு யாருடையதோ ஆச்சே என்கிறாள். மூன்று பாகம் கழித்து அந்தக் காரின் சொந்தக்காரன் எதிரே வந்து உட்காருகிறான். அந்தச் சாப்பாடு போனபின் மனைவியையும் மகளையும் இழந்தவன். நம் குழந்தைக்கு ஊட்டியது இன்னொருவன் குழந்தையின் சோறு. விலை கொடுத்தவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தும் இந்தக் காட்சிக்காகவே அந்தக் கேமைக் கொண்டாடலாம்.

முடிவில் தராசு தலைகீழாகிறது. கடிபட்ட லீ செத்துக்கொண்டிருக்கிறான். செத்தால் எழுந்து அவளையே கடிப்பான். என்னைச் சுட்டுவிட்டுப் போ என்று சொல்வதா, அப்படியே விட்டுவிட்டுப் போ என்று சொல்வதா? எதைச் சொன்னாலும் அதைச் செய்து முடிப்பவள் அந்தச் சிறுமி. அதுவரை காப்பாற்றப்பட வேண்டிய பாரமாக இருந்தவளின் கையில் அந்த இடத்தில் முடிவு போய்ச் சேருகிறது. அடுத்த பருவத்தின் நாயகி அவள்தான். பலவீனரை அழுகைக்கான கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளும் கேம்கள் ஏராளம். நாயகனுக்குக் கோபம் வர ஒரு குழந்தை சாக வேண்டும், அதோடு அந்தக் குழந்தையின் வேலை முடிந்தது. க்ளெமென்டைன் அப்படி இல்லை. அவள் கற்றுக்கொள்கிறாள், கேள்வி கேட்கிறாள், வளர்கிறாள்.

80 பேரில் 15

11 பிட் ஸ்டுடியோஸ் 2018 ஏப்ரலில் இன்னொரு கேம் கொண்டுவந்தது, 'ஃப்ராஸ்ட்பங்க்'. 1886-ல் உலகம் உறைந்துபோகிறது. பெரிய நிலக்கரி எந்திரம் ஒன்றைச் சுற்றி, தப்பிப் பிழைத்த கடைசி மனிதர்களின் ஊரை நாம் நடத்த வேண்டும். தொடக்கத்தில் 80 பேர்: தொழிலாளர்கள் 50, பொறியாளர்கள் 15, குழந்தைகள் 15. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருபவற்றில் ஒன்று: குழந்தைகளை வேலைக்கு அனுப்பலாமா, காப்பகம் கட்டலாமா? நிலக்கரி போதவில்லை. குளிர் ஏறுகிறது. 15 ஜோடிக் கை சும்மா இருக்கிறது. முதலில் ஆபத்தில்லாத வேலை மட்டும் என்று கையெழுத்துப் போடலாம். பிறகு சுரங்கத்துக்கும் அனுப்பலாம் என்று இன்னொரு கையெழுத்து.

முந்தைய கேமில் கிழவரிடம் திருட மனம் வராத ஆட்கள் இதில் குழந்தைகளைத் தயங்காமல் சுரங்கத்துக்கு அனுப்புகிறார்கள். அதே மனிதர்தான், கேமைச் செய்ததும் அதே நிறுவனம்தான். மாறியது உயரம் ஒன்றுதான். மேலிருந்து பார்த்தால் கெஞ்சும் முகம் இல்லை, 15 என்ற எண் இருக்கிறது. சாப்பாட்டில் மரத்தூளைக் கலக்கச் சொல்லும் சட்டமும் இருக்கிறது. எண்ணிக்கைக்கு அது சரியாகத்தான் வரும். பனிப்புயல் ஓய்ந்தபின், ஊர் வளர்ந்த காட்சி வேகமாக ஓடுகிறது. அதோடு நாம் போட்ட கையெழுத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன. எல்லை மீறியவர்களிடம், ஊர் பிழைத்தது சரி, இதற்குத்தானா என்ற கேள்வியோடு ஆட்டம் முடிகிறது.

2020 ஜூனில் போலந்து அரசு 'திஸ் வார் ஆஃப் மைன்' கேமைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. 18 வயது நிறைந்த மாணவர்களுக்கு, வரலாறு, சமூகவியல், தத்துவம், அறம் ஆகிய பாடங்களுக்குத் துணையாக. போரில் சிக்கிய குழந்தைகளுக்காகப் பணியாற்றும் வார் சைல்ட் அமைப்புக்கு இந்தக் கேமின் துணைப் பதிப்பு மூலம் 5 லட்சம் டாலருக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, ஏழு நாள் விற்பனையில் கிடைத்த லாபத்தை அப்படியே உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுப்பதாக நிறுவனம் அறிவித்து, கொடுத்தது.

நம் வீடுகளில் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் நூறு பேர் ஒரு தீவில் இறங்கிக் கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்ளும் பப்ஜி வகை. அதில் பலவீனர் யாரும் கிடையாது, கண்ணில் படுகிறவரெல்லாம் எதிரி. அதைத் தடுப்பதா விடுவதா என்று பெற்றோர்கள் தினம் சண்டை போடுகிறார்கள். பதினெட்டைத் தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், கேமே கூடாது என்று சொல்வதற்குப் பதில் இங்கே சொன்னவற்றில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். முதல்முறை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கதவு தட்டப்படும்போது நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ஆடி முடித்தபின் யாரைக் காப்பாற்றினாய், அதற்காக யாருடைய பங்கை எடுத்தாய் என்று கேளுங்கள். பிறகு, உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.